எனக்கு இல்லாத நாத்தனார்

எனக்கு நாத்தனார் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னைக் குழப்பக் கூடாது. என் கணவர் வீட்டுக்கு ஒரே பிள்ளை. பெண் பார்க்க வந்த அன்று என் அம்மாவுக்கு அவரிடம் பிடித்த முதல் விஷயமே அதுதான். "பிக்கல் பிடுங்கல் இல்லாத இடம்டி, சரின்னு சொல்லிடு" என்று அடுப்படியில் வைத்துக் காதைக் கடித்தாள்.

கடல் பார்க்கப் போன அன்று காரில் மூன்று பேர்தான் கிளம்பினோம். அவர், நான், ஆறு வயது மகள். அவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். நான் தபால் ஆபீசில் கடிதங்களைத் தெருவாரியாகப் பிரிக்கிறவள். கார் நாலு கை மாறி எங்களிடம் வந்தது. கதவைச் சாத்த இரண்டு ஆள் பலம் வேண்டும், ஆனால் ஏசியை மட்டும் அவரே பிரித்து மாட்டி, மார்கழிக் குளிர் அடிக்கிற மாதிரி ஆக்கி வைத்திருந்தார். மகள் கடலைப் பார்த்ததில்லை. கடலுக்குப் போக வேண்டுமென்றால் ஒரு பெருநகரத்தின் வயிற்றுக்குள் புகுந்து வெளியே வர வேண்டும். இரண்டே சிக்னல் இருக்கும் ஊரில் வண்டி ஓட்டியவர் அவர். "இதெல்லாம் ஜுஜுபி" என்றார்.

பதினோரு மணிக்கு நகரம் எங்களைப் பிடித்துக்கொண்டது. பாலத்துக்கு மேல் பாலம், அதற்கும் மேல் ரயில். எட்டு வரிசையில் வண்டிகள், எட்டும் எங்களைப் பார்த்தே ஹாரன் அடித்தன. நான் முன் சீட்டில் போனை வைத்துக்கொண்டு வழி சொன்னேன்.

"ஏங்க, இடது பக்கம் போகச் சொல்லுது."

"எந்த இடது? இங்க மூணு இடது இருக்கு!"

அவர் நடு இடதைப் பிடித்தார். அது சரிந்து சரிந்து தரைக்கு அடியில் போகும் சுரங்கச் சாலைக்குள் எங்களை இறக்கிவிட்டது.

உள்ளே நுழைந்ததும் போன் ஊமையானது. கொஞ்ச தூரம் போனதும் வண்டிகள் எல்லாம் நின்றுபோயின. மஞ்சள் விளக்குகள், சுவரில் கசியும் தண்ணீர், புகை. அதற்கும் அடியில் வேறொரு வாசனை இருந்தது, வருஷக்கணக்காகத் திறக்காத பீரோவைத் திறந்தால் வருமே, அது. அரை மணி நேரம் அசையவில்லை. மகள் பின் சீட்டில் காலை நீட்டி, ஜன்னலில் விரலால் மீன் வரைந்துகொண்டிருந்தாள்.

ஸ்டீயரிங்குக்கு முன்னால் சிவப்பாக ஒரு விளக்கு எரிந்தது.

"பின் கதவு சரியா மூடலை. பாரு" என்றார் அவர்.

எட்டிப் பார்த்தேன். மகளுக்கு எதிர்ப்பக்கக் கதவு ஒரு விரல் அளவு திறந்திருந்தது. அந்த இடுக்கு வழியாகக் குளிர் காற்று வந்தது. கையை நீட்டி, ஓங்கி இழுத்து, நானே கதவைச் சாத்தினேன்.

வண்டிகள் நகர்ந்தன. மேடு ஏறி வெயிலுக்கு வந்தோம். அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

"ஏசியக் கொஞ்சம் குறைடா தம்பி. புள்ளைக்குச் சளி பிடிக்கும்."

குரல் பின்னாலிருந்து வந்தது.

"சரிக்கா" என்று அவர் குறைத்தார்.

திரும்பிப் பார்க்க எனக்குக் கழுத்து வரவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். சாம்பல் நிறப் புடவை, ஈரத் தலை. மூக்கு அவருடைய மூக்கு, அச்சு அசல். என் மகளின் தலை அவள் மடியில் இருந்தது. அவள் மெதுவாக ஜடை பின்னிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க," வாயை அசைக்காமல் கேட்டேன், "பின்னாடி யாரு?"

அவர் எரிச்சலாகப் பார்த்தார். "உங்களுக்குள்ள மறுபடியும் சண்டையா? கடல் வரைக்குமாவது மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காம வாங்களேன்."

விளையாடுகிறார் என்று நினைக்க ஆசையாக இருந்தது. அவருக்கு அவ்வளவு நடிப்பு வராது. போனில் படங்களைத் திறந்தேன். காலையில் பெட்ரோல் போட்ட இடத்தில், அங்கே வேலை செய்கிறவரிடம் கொடுத்து எடுத்த படம். மூன்று பேராக நின்று எடுத்த படம்.

நான்கு பேர் இருந்தார்கள்.

அவள் கை என் மகளின் தோளில்.

அதைவிட மோசமானது அடுத்து நடந்தது. பிரசவ வார்டில் வலி தாங்காமல் நான் கதறியபோது ஒரு நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த நர்ஸின் முகம் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இப்போது நினைத்துப் பார்த்தால், அந்த இடத்தில் இவள் முகம் இருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் நானும் இவளை அண்ணி என்று கூப்பிட்டுவிடுவேன். அதற்குப் பிறகு என் பிள்ளையை இவள் என்ன செய்தாலும் கேட்க ஆள் இருக்காது.

"குட்டி," என்றேன். "இங்க பாரு கண்ணு."

மகள் கண் திறக்கவில்லை. கையை நீட்டித் தொட்டேன். பாதம் ஜில்லென்று இருந்தது.

"தூங்கட்டும் விடு" என்றாள் அவள். "என்கிட்டதானே இருக்கா."

போன் உயிர் பெற்றுப் பேசியது. தப்பான சாலை, திரும்பி அதே சுரங்கம் வழியாகப் போக வேண்டுமாம். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "வேண்டாம் சாமி, மேல சுத்திப் போவோம். ஒரு மணி நேரம் ஆனாலும் பரவாயில்ல."

எனக்குச் சட்டென்று தோன்றியது. அங்கே ஏறியது அங்கேதான் இறங்கும். ஆனால் இறங்கும்போது வெறுங்கையோடு இறங்குமா? என் பிள்ளை அதன் மடியில் இருக்கக் கூடாது.

"அதே வழியில போங்க" என்றேன். "அதுக்கு முன்னாடி ஓரமா நிறுத்துங்க. நான் பின்னாடி உக்காந்துக்கறேன்."

"இப்ப எதுக்கு?"

"நிறுத்துங்கன்னா நிறுத்துங்க!"

நிறுத்தினார். இறங்கிப் பின் கதவைத் திறந்தேன். அவள் மறுப்பாள், பிடித்துக்கொள்வாள், பல்லைக் காட்டுவாள் என்று எதற்கும் துணிந்துதான் போனேன். ஆனால் அவள் நகர்ந்து இடம் விட்டாள். ரொம்பச் சீக்கிரமாகவே நகர்ந்தாள். மகளை வாரி என் மடியில் போட்டு, இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். கார் கிளம்பியது. முன் சீட் காலியாக இருந்தது.

சுரங்கம் எங்களை விழுங்கியது.

இந்த முறை நெரிசல் இல்லை. விளக்குகள் ஒவ்வொன்றாகத் தலைக்கு மேல் கடந்தன. வெளிச்சம், இருட்டு, வெளிச்சம், இருட்டு. அந்தப் பீரோ வாசனை என் தோளருகே இருந்தது.

"எவ்வளவு வண்டி தெரியுமா" என்றது குரல், காதோரம். "ஒண்ணுகூட நிக்கல."

"நீ யாரு?"

"தெரியலம்மா."

ஒரு விளக்கு. ஓர் இருட்டு.

"ஒரு வீடு இருந்துச்சு. ஒரு புள்ளை இருந்துச்சு. பேரு என்னவோ வரும், நாக்கு நுனியில நிக்குது."

"என் புள்ளைய விட்டுடு. உன் கால்ல விழறேன்."

"நான் எங்க பிடிச்சேன்? நீதான் பிடிச்சிருக்க." அவள் பெருமூச்சு விட்டாள். அதில் கேலி இல்லை, பாவம் பார்ப்பது போல இருந்தது. "நானும் இப்படித்தான் புள்ளையப் பிடிச்சுக்கப் பின்னாடி வந்தேன்."

விளக்குகள் எல்லாம் ஒன்றாக அணைந்தன.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு மகளை நெஞ்சோடு அழுத்திக்கொண்டிருந்தேன். என் பக்கத்தில் இருந்த பாரம் எழுந்து போனது. சீட்டின் பஞ்சு மெல்ல மேலே வந்ததைக்கூட உணர்ந்தேன்.

வெயில் கண்ணிமைகளில் விழுந்தது.

பக்கத்தில் யாரும் இல்லை. மகளின் பாதம் சூடாக இருந்தது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "ஏங்க!" என்று கத்தினேன்.

கண்ணாடி வழியாக அவர் என்னைப் பார்த்தார். எட்டு வருஷத்தில் ஒரு நாளும் என்னை அவ்வளவு மரியாதையாகப் பார்த்ததில்லை.

"என்னக்கா? தண்ணி வேணுமா?"

முன் சீட் காலியாக இல்லை. என் பச்சைப் புடவை தெரிந்தது. என் வளையல் போட்ட கை போனைப் பிடித்திருந்தது. அங்கே என் தலைமுடி உலர்ந்திருந்தது. இங்கே, பின் சீட்டில், என் கழுத்தில் ஈரம் சொட்டியது.

மடியில் மகள் புரண்டு கண் விழித்தாள். என் முகத்தைப் பார்த்தாள், நன்றாகத் தெரிந்த ஒருவரைப் பார்ப்பது போல.

"அத்தை, அம்மா எங்க?"

"இங்கதான் இருக்கேன்டா செல்லம்" என்று முன்னாலிருந்து என் குரல் சொன்னது.

மகள் என் மடியை விட்டு இறங்கி, முன் சீட்டின் முதுகைக் கட்டிக்கொண்டாள்.

கடலைப் பார்த்தார்கள். அலை காலைத் தொட்டதும் குட்டி அலறிக்கொண்டு என் உருவத்தில் இருந்த அவளிடம்தான் ஓடினாள். நான் அங்கேயே ஊரைக் கூட்டியிருக்கலாம். கூட்டியிருந்தால் அக்காவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று எங்காவது கொண்டுபோய் விட்டிருப்பார்கள், பிள்ளையைக் கண்ணால்கூடப் பார்க்க முடிந்திருக்காது. வாயை மூடிக்கொண்டேன்.

இப்போது அவர்கள் வீட்டில்தான் இருக்கிறேன், பின்னறையில். அவள் நல்லவள்தான், ஒரு குறை வைப்பதில்லை. தபால் ஆபீசுக்கு நேரத்துக்குப் போகிறாள். தினமும் காலையில் குட்டிக்குத் தலை பின்னிவிடும் வேலையை மட்டும் எனக்கு விட்டுக் கொடுத்திருக்கிறாள். பின்னி முடிக்கும் வரை மகளின் முழுப் பெயரை மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

இன்று காலை பாதி ஜடை வரைக்கும் அது வரவில்லை.