ஆறிப்போன உடம்பு

அம்மாவின் கை மெத்தென்று இருந்தது.

வெற்றிச்செல்விக்கு முதலில் அது உறைக்கவே இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் செய்வதுபோல கட்டிலோரம் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒரு கையால் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் செல்போனைத் தள்ளிக்கொண்டிருந்தாள். பெரம்பலூரில் துணி தைக்கும் கம்பெனியில் ஆறு நாள் மிஷின் முன்னால் குனிந்து கிடந்துவிட்டு, ஏழாம் நாள் அரியலூர் பஸ் ஏறி, அங்கிருந்து செந்துறை பஸ் மாறி, சிமென்ட் லாரிகள் கிளப்பும் தூசியில் வெளுத்துப்போன புளியமரங்களைப் பார்த்தபடி இந்த முதியோர் இல்லத்துக்கு வந்து சேரும்போது உடம்பில் எதுவும் மிச்சமிருக்காது. கையைப் பிடித்துக்கொண்டிருப்பதே பெரிய காரியம். கால் மணி நேரம் கழித்துத்தான் தன் விரல்கள் எதையோ தேடிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது. சொரசொரப்பைத் தேடின. காய்ப்பைத் தேடின.

ஆண்டிமடத்தில் முப்பது வருஷம் முந்திரிக்கொட்டை உடைத்த கை அது. கொட்டைப்பால் பட்டுப் பட்டு விரல் நுனிகள் கருத்து, உரிந்து, மறுபடி கருத்து, கடைசியில் ரேகையே அழிந்து, ரேஷன் கடை மிஷினில் வைத்தால் இது ஆளே இல்லை என்று சொல்லிவிடும். சின்ன வயதில் அம்மா கன்னத்தைத் தடவ வந்தால் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். உப்புத்தாளால் தேய்ப்பதுபோல எரியும். இப்போது அந்தக் கை ஊறிய பச்சரிசியைப் போல வெளுத்து, வழுவழுவென்று அவள் கைக்குள் கிடந்தது.

"மஞ்சு, அம்மா கையப் பாத்தியா?"

முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்களில் மஞ்சுதான் சின்னவள். போர்வையை மடித்தபடியே சொன்னாள். "தெனமும் எண்ணெ தேச்சு வுடுறம்லக்கா. நாங்க பாத்துக்கிறது அப்புடி."

அதைக் குறை சொல்ல முடியாது. படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் கிடையாது. மூத்திர வாடை இல்லை. தைல வாடை இல்லை. லாரித் தூசி ஜன்னல் கம்பிவரை வந்து நின்றுவிடும். பெண்கள் பகுதியில் மட்டும் பதினாறு கிழவிகள். மதியம் மூன்று மணிக்கு ஒருத்திகூட இருமவில்லை. மின்விசிறியின் கிறீச்சும், சுவருக்குப் பின்னால் யாரோ ஈரக் கையால் எதையோ தட்டித் தட்டிப் பரத்துவது போன்ற சத்தமும்தான் கேட்டன. அடுப்படியாக இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"சாப்ட்டியா?" என்றாள் ஆண்டாயி. மகளைத் தாண்டிப் பார்த்தபடி சிரித்தாள். "சாப்ட்டம்மா." அவ்வளவுதான் பேச்சு.

ஆடி மாதம் இடுப்பெலும்பு முறிந்து இங்கே கொண்டுவந்து விட்டபோது இப்படி இல்லை. முதல் நான்கு மாதமும் செல்வி உள்ளே நுழைந்ததுமே அம்மா ஆரம்பித்துவிடுவாள். "எழவெடுத்தவளே, என்னய வூட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருடி. செத்தாலும் அங்கயே செத்துக்கிறேன்." கார்த்திகையில் ஒரு ஞாயிறு அந்தப் பேச்சு நின்றது. அன்று திரும்பிப் போகும்போது பஸ்ஸில் அவள் தலை சாய்த்துத் தூங்கினாள். அப்படித் தூங்கி எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

வாசல் மேசையில் ஒரு நோட்டு இருக்கும். வந்து போகிறவர்கள் பராமரிப்பு எப்படி என்று எழுத வேண்டும். 'நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

அடுத்த ஞாயிறு விரலைப் பார்த்தாள்.

ஆண்டாயிக்கு இடது கை ஆள்காட்டி விரல் பாதிதான். செல்விக்குப் பதினோரு வயதில் அரிவாள் பட்டுத் துண்டானது. ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸில் அந்தத் துண்டை ஈரத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போனவளே செல்விதான். ஒட்டவைக்க முடியாது என்று டாக்டர் சொன்னதும், குப்பை வாளியில் அது விழுந்த சத்தமும் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது.

இப்போது விரல் முழுதாக இருந்தது. நுனியில் நகம். பிறந்து பத்து நாள் ஆன குழந்தைக்கு இருப்பதுபோல, காகிதமாய் ஒரு நகம்.

அவள் எண்ணிப் பார்த்தாள். மற்ற கையைத் தூக்கி எண்ணினாள். மறுபடி இடது கை. நெஞ்சு படபடக்கும் என்று காத்திருந்தாள். படபடக்கவில்லை. துணி கிழிந்திருந்தால் மேற்பார்வையாளரிடம் காட்டுவதைப்போல எழுந்து போய் ஆபீஸ் அறையில் நின்றாள்.

நிர்வாகி பஞ்சநாதன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அமைதியாகக் கேட்டார். "சொல்லுங்கம்மா. அம்மாவுக்கு என்ன கொறை?"

"கொறையில்லங்க சார். இல்லாத வெரலு இருக்குங்க."

"நல்லா பாத்துக்கிட்டா ஒடம்பு தன்னால சரியாயிக்கும்மா. கொறைன்னா கம்ப்ளைன்ட்டு எழுதலாம். நெறஞ்சிருந்தா என்னன்னு எழுதுவீங்க?"

அவள் வெளியே வந்தாள். வாசல் நோட்டில் 'நன்று' என்று எழுதினாள்.

அதற்கடுத்த வாரம் பக்கத்துக் கட்டிலில் புதிதாக ஒருத்தி படுத்திருந்தாள். சாந்தா. அரும்பாவூர்ப் பக்கம் வயல் வரப்புள்ள குடும்பம், மகன் வெளிநாட்டில். முழங்காலுக்குக் கீழே சர்க்கரைப் புண், கட்டுக்கு மேலே ஈரம் ஊறியிருந்தது. அந்தக் கூடத்திலேயே அவளிடம் மட்டும்தான் வாடை வந்தது, புண் வாடை, வியர்வை வாடை. அதை இழுத்து மூச்சுவிட்டபோதுதான் இத்தனை வாரமாக இங்கே மனுஷ வாடையே இல்லை என்பது செல்விக்குப் புரிந்தது. மஞ்சு வெளியே போகும்வரை சாந்தா கண்ணை மூடியிருந்தாள். பிறகு செல்வியின் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"ஆயி, நான் மொனகுனது வெளியில கேட்டுச்சா?"

"இல்லீங்கம்மா. ரொம்ப வலிக்குதா? கூப்புடட்டுமா?"

"ஐயோ வேணாம்." கிழவியின் பிடி இறுகியது. "வலிக்குதுன்னு சொல்லிடாத. சொன்னா பாத்துக்குவாங்க."

மறு ஞாயிறு சாந்தா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கட்டு இல்லை. கால் வழுவழுவென்று இருந்தது. மயிர்க்கால்கூட இல்லை. செல்வியைப் பார்த்துச் சிரித்தாள்.

"சாப்ட்டியா?" என்றாள்.

அதே குரல். அம்மாவின் குரல்.

அன்றே கூட்டிக்கொண்டு போவதென்று செல்வி முடிவெடுத்தாள். தடுப்பார்கள் என்று நினைத்தாள். பஞ்சநாதன் தடுக்கவில்லை. "தாராளமா கூட்டிட்டுப் போங்க. உங்க அம்மா" என்றார். மஞ்சு பையைத் தூக்கிவந்து ஆட்டோவில் வைத்தாள். ஆண்டாயி கைத்தடி இல்லாமல் தானே நடந்துவந்து ஏறினாள். முறிந்த இடுப்பில் ஒரு நொண்டல்கூட இல்லை. வழியெல்லாம் ஆட்டோ பள்ளத்தில் விழுந்து எழுந்தது. அம்மா "ம்" என்றுகூடச் சொல்லவில்லை.

பெரம்பலூரில் ஒற்றை அறையும் அடுப்படியும் உள்ள வாடகை வீடு. பொழுது சாய்கிற நேரம் வந்து சேர்ந்தார்கள். அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்தாள். வைத்தபடியே அம்மா இருந்தாள். தண்ணீர் கொடுத்தால் குடித்தாள். வீட்டைச் சுற்றிப் பார்க்கவில்லை. ஏண்டி இவ்வளவு தூசி என்று கேட்கவில்லை. செல்வி அந்தத் திட்டுக்காகக் காத்திருந்தாள். தான் காத்திருப்பதே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

குளிக்க வெந்நீர் வைத்தாள். விளாவ மறந்து, அடுப்பிலிருந்து இறக்கியதை அப்படியே ஒரு சொம்பு மொண்டு அம்மாவின் முதுகில் ஊற்றிவிட்டாள். ஆவி கிளம்பியது. செல்விதான் கத்தினாள். அம்மா அசையவில்லை. தோல் சிவக்கவும் இல்லை.

"அம்மா, சுடலையா?"

"நல்லா இருக்கு."

முன்பக்கம் திருப்பினாள். அடிவயிற்றில் பூரான் மாதிரி ஒரு தழும்பு இருக்க வேண்டும். ஆபரேஷன் செய்து செல்வியை எடுத்த இடம். சின்னப் பிள்ளையில் அதைத் தொட்டுப் பார்த்து, இதுவழியாகவா வந்தேன் என்று கேட்டுச் சிரித்திருக்கிறாள். அந்தத் தழும்பு இல்லை. கையால் தடவினாள். குழைத்த மாவு. வழுக்கிக்கொண்டு மேலே போனது கை.

தொப்புள் இல்லை.

குழி இல்லை. சுழி இல்லை. அங்கே ஒன்று இருந்தது என்பதற்கான அடையாளமே இல்லை. அம்மாவை அவள் அம்மா பெற்ற காயமும் ஆறியிருந்தது.

செல்வி துவட்டிவிட்டாள். நைட்டி மாட்டினாள். தலை வாரிவிட்டாள். கைகள் தாமாக வேலை செய்தன. பிறகு வாசலில் நின்று பஞ்சநாதனுக்குப் போன் போட்டாள்.

"சார், அம்மா ஒடம்புல…"

அவர் பொறுமையாகக் காத்திருந்துவிட்டுச் சொன்னார். "பயப்படாதீங்கம்மா. இன்னும் ஆறும்."

வெளியே பக்கத்து வீட்டு டிவி சத்தம். யாரோ வண்டியை உதைத்தார்கள். ஓடிப்போய் யாரையாவது கூப்பிடலாம். என்னவென்று சொல்வது? அம்மாவுக்கு ஒரு காயமும் இல்லை என்றா? அவள் உள்ளே வந்து பாய் விரித்தாள். எட்டு மணிக்கெல்லாம் விளக்கை அணைத்துவிட்டு, அம்மாவுக்கு முதுகைக் காட்டிப் படுத்து, கல்லாய்த் தூங்கிப்போனாள்.

பால்காரனின் ஹாரனுக்கு எழுந்தாள். விடிந்துவிட்டிருந்தது. அம்மா எழுந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு. செல்வி நொய்க்கஞ்சி வைத்தாள். உப்புப் போட்டாள். கிண்ணத்தில் ஊற்றி, கரண்டியோடு எடுத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"அம்மா, இந்தா."

அம்மா திரும்பினாள்.

முதலில் கண்களைத்தான் செல்வி பார்த்தாள். மாதக்கணக்கில் அவளைத் தாண்டியே பார்த்துக்கொண்டிருந்த கண்கள் இப்போது நேராக அவளைப் பார்த்தன. ஈரமாக. கோபமாக. அடையாளம் தெரிந்து.

கரண்டி பாதியில் நின்றது.

மூக்குக்குக் கீழே ஒன்றுமில்லை. உதடு இல்லை. கோடு இல்லை. கன்னத்திலிருந்து கன்னம்வரை தோல். வழுவழுவென்று. ஒரே பரப்பாக.

வாய் இருந்த இடத்தில் அந்தத் தோலை உள்ளேயிருந்து ஏதோ முட்டியது. ஒருமுறை. நின்றது. பிறகு இடமும் வலமும், மேலும் கீழும், பேசுகிற நாக்கின் வேகத்தில், நிற்காமல்.

செல்வி கரண்டியை இறக்கவில்லை. நீட்டியபடியே உட்கார்ந்திருந்தாள். கஞ்சியில் ஏடு படிந்தது.