கௌசிகாவின் கை

இன்னும் ஒரே ஒரு வரி. அதோடு இந்தக் கையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடலாம்.

ஹரிதா இப்படித்தான் நினைத்துக்கொண்டாள். அது பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் கடைசிப் பரீட்சை. ஆனால் அவள் படிப்பதோ ஏழாம் வகுப்பு.

பரீட்சை, பக்கத்து வீட்டு கௌசிகா அக்காவுடையது. அக்காவுக்கு டிஸ்லெக்சியா. காதால் கேட்டதை மறக்கவே மாட்டாள். அதையே கண்ணால் படிக்கப் போனால், ஒரு வரிக்குள்ளேயே வழி தவறிவிடுவாள். அக்காவின் அப்பா, ஆந்திர எல்லையிலுள்ள நகரியிலிருந்து திருப்பதி ஆஸ்பத்திரிக்கு மூன்று முறை அலைந்து சான்றிதழ் வாங்கினார். அதன் பிறகுதான், அக்கா சொல்லச் சொல்ல வேறொருவர் எழுத அனுமதி கிடைத்தது. எழுதுகிறவர் அக்காவைவிடச் சின்ன வகுப்பில் படிப்பவராக இருக்க வேண்டுமாம்.

ஜனவரியிலிருந்து தினமும் பாடத்தை வாசித்துக் காட்டியதும் ஹரிதாதான். அவளுக்கே எல்லாம் மனப்பாடம். தொல்லையே அதுதான்.

"முதல் உலகப்போர் தொடங்கின வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டு" என்றாள் அக்கா.

பேனா நின்றது. பதினெட்டு, போர் முடிந்த வருஷம் அல்லவா? பதினான்கு என்ற சரியான விடை ஹரிதாவின் விரல் நுனிவரை வந்துவிட்டது.

மேற்பார்வை டீச்சர் நிமிர்ந்தார். "செப்பிந்தே ராயம்மா" என்றார் தெலுங்கில். சொன்னதை மட்டும் எழுதும்மா.

ஹரிதா பதினெட்டு என்றே எழுதினாள். கை வலியைவிட அது அதிகமாக வலித்தது.

வெளியே வந்ததும், "அக்கா, அந்த வருஷம் தப்பு" என்றாள்.

"நீ பேனாவ நிறுத்தினப்பவே தெரிஞ்சுபோச்சு. அத்தப் பாத்து மாத்திச் சொன்னா, அது உன் பதிலாயிடும். என் தப்பு என் பேர்லயே இருக்கட்டும்." அக்கா சிரித்தாள். "வா, சோடா வாங்கித் தரேன். வாய்க்கு ஒண்ணு, கைக்கு ஒண்ணு."

"அடுத்து இன்னா படிக்கப் போற?"

"ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன். தறி மோட்டார் சத்தத்த வெச்சே இன்னா கோளாறுன்னு சொல்றேன்ல? நைனாகிட்ட நாலு தபா சொல்லிட்டேன். அவர் காதுல மட்டும் ஏறல."

சாயங்காலம் அக்காவின் நைனா, தனசேகர் மாமா, ஹரிதாவைக் கூப்பிட்டார். தறி ஓட்டிவிட்டு வந்திருந்தார். தலைமுடியெல்லாம் பஞ்சு. கையில், பத்தாவதுக்கு மேல் இரண்டு வருஷம் படிக்கிற திருப்பதி இன்டர் காலேஜ் ஒன்றின் விண்ணப்பம்.

"இத்த நிரப்பிக் குடு கண்ணு. உன் எழுத்து முத்து முத்தா கீது."

"அக்கா எங்க மாமா?"

"தூங்கிக்கினு கீறா. பாவம், அசதி. எழுந்ததும் கையெழுத்து வாங்கிக்கறேன்."

பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி. ஹரிதாவின் கை கெஞ்சியது. அடுத்த கட்டம், எந்தப் பிரிவு என்று கேட்டது.

"எம்.பி.சி. போடு. கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி."

"அக்கா எலக்ட்ரீஷியன்னு..."

"அது அப்டித்தான் சொல்லும். என்னாட்டம் அதுவும் எண்ணெக் கையோட நிக்கணுமா?" மாமாவின் குரலும் களைத்திருந்தது. "அவ இத்தப் படிச்சா பாக்கப் போறா? எழுது கண்ணு."

மாமா கெட்டவர் இல்லை. மூன்று முறை திருப்பதிக்கு அலைந்தவர் அவர்தான். அதனாலேயே மறுப்பது கஷ்டமாக இருந்தது. மூன்றே எழுத்து. எழுதிவிட்டால் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம்.

ஹரிதா பேனாவை மூடினாள்.

"அக்கா இன்னும் சொல்லல மாமா."

"அதான் நான் சொல்றேனே?"

"நான் அக்காவுக்குத்தான மாமா எழுதறவ?"

மாமா விண்ணப்பத்தைப் பார்த்தார். பிறகு தலையிலிருந்த பஞ்சைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

கட்டம் காலியாகவே இருந்தது. வலிக்கிற கையை மடியில் வைத்துக்கொண்டு, அக்கா எழுந்து வரட்டும் என்று ஹரிதா அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.