எதுவரை தெரிகிறது

கம்ப்யூட்டர் திடீரென்று அலறியதில், ரம்யாவின் கையிலிருந்த டீ மேஜையில் சிந்தியது.

மாலை ஐந்தரை மணி. ஏற்காட்டில் காபி விவசாயிகள் சங்கத்தின் வானிலை அறை. மலைக் கிராமங்களிலிருந்து வரும் அளவுகளை மேப்பில் ஏற்றுவது அவள் வேலை. ஊருக்கு ஒரு வட்டம். அதைச் சுற்றி வெப்பம், காற்று, மழை. இருபத்திரண்டு நாளாகக் காலியாகக் கிடந்த மாரமங்கலத்தின் வட்டம் இப்போது நிரம்பியிருந்தது.

அங்கே அளவெடுத்தவர் அவளுடைய அப்பா அம்மாசி. மலை சரிந்த அன்றும் அந்த வட்டம் மட்டும்தான் பாக்கி. "ஒரு எட்டு போய்ப் பாத்து அனுப்பிடுங்கப்பா, மேப்பை முடிக்கோணும்" என்று போன் செய்தாள். கொட்டும் மழையில் போனவர் மேல் மலை சரிந்தது. உடல் கிடைக்கவில்லை. அந்தப் போனைப் பற்றி அவள் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

"டவர் கிடைக்காம மாட்டிக்கிட்ட பழைய மெசேஜா இருக்குமுங்க்கா," என்றான் பக்கத்து மேஜை அஜ்மல்.

காற்று இல்லை என்றது அந்த வட்டம். ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் மரங்கள் காற்றில் வளைந்து வளைந்து நிமிர்ந்தன.

பார்வை தூரத்தை மீட்டரில் சொல்ல அப்பாவுக்கு வராது. பனி மூடினால் 'பலா மரம் வரை தெரியுது', வெளுத்தால் 'சேர்வராயன் கோயில் வரை தெரியுது' என்று எழுதுவார். அவள்தான் மீட்டராக்குவாள்.

இன்று: 'ஏரி வரை தெரியுது.'

மாரமங்கலத்திலிருந்து ஏற்காடு ஏரி தெரியாது. அது இந்த ஆபீஸுக்குப் பக்கத்தில்.

அஜ்மல் பஸ்ஸுக்குக் கிளம்பினான். "நீங்களும் கெளம்புங்க. உங்க மேப் எங்கியும் ஓடிப்போயிராது."

அவன் போனதும் மறுபடி அலறல். 'ஆபீஸ் கேட் வரை.'

ஈர மண்ணும் பிய்ந்த வேரும் கலந்த வாடை அறைக்குள் பரவியது. அதற்கு அடியில், மெல்ல, அப்பாவின் பீடி வாசம். வராந்தாவில் காலடிகள். சளக். சளக்.

'ஜன்னல் வரை.'

'கதவு.'

ரம்யா எழுந்தாள். பயம்தான். ஆனால் ஒருமுறை, ஒரே ஒருமுறை, அவர் காலைப் பிடித்துச் சொல்லிவிட வேண்டும்.

"நாந்தானுங்கப்பா... நாந்தான் உங்களைப் போகச் சொன்னேன்."

தாழ்ப்பாளில் கை வைத்தாள். சில்லிட்டது. கதவின் அடியிலிருந்து செம்மண் குழம்பு கசிந்து பாதத்தைத் தொட்டது. பலகைகள் உள்நோக்கிப் புடைத்தன. மெதுவாக. ஓசையில்லாமல்.

வாயெல்லாம் மண் அடைத்த குரல், வெகு பக்கத்தில்:

"தொறக்காத கண்ணு. நான் மட்டும் வரலை, மலையும் கூடவே வந்திருக்குது."