வாசிக்காமல் விட்ட வரி

வயர்லெஸ் பெட்டியில் இரைச்சலே இல்லை. கிளிஞ்சல்மேட்டுத் தகவல் மையத்தில் தனியாக உட்கார்ந்திருந்த தாமரைச்செல்விக்கு முதலில் உறைத்தது அதுதான். ஆள் பேசாதபோதும் அப்பளம் பொரிகிற மாதிரி ஒரு சத்தம் அதில் இருந்துகொண்டே இருக்கும். விளக்கு வைத்த இந்த வேளையில் அது கப்பென்று அடங்கி, ஜன்னல் வழியாகக் கருவாட்டு வாடையும் அலையோசையும் மட்டும் உள்ளே வந்துகொண்டிருந்தன.

மேசையில் மத்தியானம் வந்த அறிக்கை கிடந்தது. தினமும் ஒலிபெருக்கியில் அவள்தான் வாசிப்பாள்: அலை உயரம், காற்று, கடைசியாகச் செயற்கைக்கோள் மேல்வானத்தைப் பார்த்துச் சொல்கிற ஒரு வரி. 'இன்று சூரியன் மறைந்தபின் அயனி மண்டலம் கலங்கும். ஜிபிஎஸ் தவறான இடம் காட்டலாம், வயர்லெஸ் அறுபடலாம்.' அதை மட்டும் இன்று அவள் வாசிக்கவில்லை. சுனாமியில் போன படகுக்குப் பதிலாக வாங்கிய புது ஃபைபர் படகை அவள் புருஷன் புகழேந்தி மூன்று பேரோடு முதன்முதலாகக் கடலில் இறக்குகிற நாள். "மொத தொழிலுக்குப் போறப்ப வழி தப்பும்னு மைக்குலயா சொல்லுவ? வாயக் கழுவுடி," என்று மாமியார் காசியம்மா சீறினாள். போன மாதம் தாமரைச்செல்வி இதே வரியை மூன்று தடவை வாசித்து ஒன்றும் நடக்காமல் ஊரே கேலி பண்ணியிருந்தது வேறு. விழுங்கிவிட்டாள். பாவி, விழுங்கிவிட்டாள்.

"ஏங்க, கேக்குதா? ஏங்க!" நூறு தடவை கூப்பிட்டிருப்பாள்.

பெட்டி கரகரத்தது.

"தாமரை, கரைக்கு வந்துட்டோம் புள்ள. ஜிபிஎஸ் நம்ம ஊருன்னுதான் காட்டுது. ஆனா ஒரு வெளக்கையும் காணோம்."

ஜன்னலுக்கு வெளியே கரை வெறிச்சென்று கிடந்தது. படகு எதுவும் இல்லை.

"அது பொய்யிங்க! எறங்காதீங்க! அங்கயே நங்கூரத்தப் போடுங்க!"

"முத்தையன் எறங்கிட்டான். மத்தவங்களும் எறங்கிட்டாங்க. எறங்குன ஒருத்தனையும் காணோம்... நானும் எறங்கிப் பாக்குறேன்."

"ஐயோ, வேணாங்க! என் சாமி, வேணாங்க!"

தொபுக்.

பிறகு எதுவுமில்லை. கதறினாள். பெட்டியை அறைந்தாள். அறைந்த வேகத்தில் பேட்டரிக் கம்பி கழன்று கீழே விழுந்தது.

கம்பியில்லாத பெட்டி பேசியது.

"வந்துட்டேன் புள்ள. மையத்துல லைட்டு எரியுது. உன் முதுகு தெரியுது."

கதவு அவளுக்குப் பின்னால். திறந்த சத்தம் கேட்கவில்லை. சேற்று வாடை. பாதத்தில் சில்லென்று தண்ணீர். திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டது. ஊறி வெளுத்த கை. மணிக்கட்டில் மத்தியானம் அவள் கட்டிவிட்ட மஞ்சள் கயிறு. அது சொட்டச் சொட்ட ஒலிபெருக்கியின் சுவிட்சைப் போட்டது. அப்புறம் அறிக்கையின் மேல் இறங்கி, கடைசி வரியில் விரலை வைத்துக் காத்திருந்தது.