தொட்டி விளிம்பில் இரண்டு தட்டு

மழைக்கு ஒதுங்க ஓடி வந்தவன், மீன்குஞ்சுப் பண்ணையின் வாசலிலேயே வழுக்கினான். கையிலிருந்த பாசி வாளி கவிழ்ந்தது. எதிரே நின்றவளின் வெள்ளைத் துப்பட்டாவெங்கும் பச்சை... ஒரே பச்சை!

“கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?”

“முன்னாடிதாங்க இருக்கு. அதான் வம்பே... உங்களையே பார்த்துட்டு வந்துட்டேன்.”

ஈர இமைகளுக்குள் அந்தக் கண்கள் சிரித்தன. அவளுக்குக் கோபம் வந்தது. வந்த கோபம் நிற்க இடமில்லாமல் தவித்தது...

அவன் பாசியிலிருந்து மீன்தீவனம் செய்பவன். அந்தக் கணமே அவளுக்குப் ‘பாசிக்காரர்’ ஆனான். பண்ணைக்காரரான அவளுடைய அப்பாவோ, கடலின் சின்ன மீன்களை அரைத்த மீன்தூளைத் தவிர வேறெதையும் தம் குஞ்சுகளுக்குக் காட்டாதவர்.

“பாசியில குஞ்சு வளராது தம்பி, வழுக்கித்தான் விழும்.”

“ஐயா, கடல்ல சின்ன மீனுக்கே சத்து பாசியிலேருந்துதானே வருது? நடுவுல அதைப் பிடிச்சு ஏன் அரைக்கணும்? நான் நேரா பாசிகிட்டயே போயிட்டேன்.”

சொல்லிக்கொண்டே ஒரு சிட்டிகைத் தீவனத்தைத் தன் வாயிலிட்டு மென்றான். முகம் கோணவேயில்லை. தான் விற்பதைத் தானே தின்று காட்டும் துணிவு எத்தனை பேருக்கு வரும்? அவள் வியந்துபோனாள்.

“பின்னறைத் தொட்டி ஒண்ணு தர்றேன். ரெண்டு நாள். நீயே போடணும், என் பொண்ணு தீனியைத் தொட மாட்டா. தின்னலேன்னா மூட்டையைக் கட்டு.”

“வேற யாரும் தொட்டியே தரலைங்க. இதுவே பெரிசு.”

குஞ்சுகள் தின்னவில்லை. தூவினான், அடியிலேயே பதுங்கின. இன்னும் பொடியாக அரைத்துத் தூவினான், அப்போதும் பதுங்கின.

“ஒரே ஒரு வாய்டா கண்ணுங்களா... மானத்தைக் காப்பாத்துங்க...” என்று தொட்டியோடு கெஞ்சினான். கண்ணாடிக் கதவுக்கு இப்பால் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆனால் இரண்டாம் நாள் மாலை, அப்பா உதட்டைப் பிதுக்க, அவன் மூட்டையைக் கட்டத் தொடங்கியபோது சிரிப்பு வரவில்லை. கடைசிப் பிடியை அவன் ஓசையின்றித் தூவுவதைப் பார்த்தாள்.

ஐயோ... தட்டவே இல்லையே!

தீனியிடும்போதெல்லாம் தொட்டி விளிம்பில் மோதிரத்தால் இருமுறை தட்டுவது அவள் வழக்கம். தானறியாமலே கை செய்யும் வேலை. வாய் திறந்த நாள் முதல் அந்தக் குஞ்சுகளுக்கு உணவு என்றால் அந்த ஓசைதான்.

கதவைத் திறந்தாள். அப்பாவைக் கடந்து நடந்தாள். டக்... டக்...

தொட்டி கொதித்தெழுந்தது! அத்தனை குஞ்சுகளும் மேலே பாய்ந்தன. கண்ணாடி போன்ற சின்னஞ்சிறு உடல்களுக்குள் வயிறுகள் பச்சைப் பொட்டுகளாய் நிறைந்தன.

“தொடாதேன்னு சொன்னேன்ல?”

“தீனியைத் தொடலப்பா. தொட்டியைத்தான் தொட்டேன்.”

அப்பா குனிந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு ஒரு சிட்டிகையை எடுத்துத் தம் நாக்கில் வைத்தார்.

“உப்புக் கொஞ்சம் கம்மி. நாளையிலேருந்து எல்லாத் தொட்டிக்கும் போடு,” என்று முறைப்பாகச் சொல்லிவிட்டு வெளியேறினார்.

வெளியே மழை... உள்ளே இருவர்.

“தட்டணும்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல?”

“இப்பத்தான் புரிஞ்சுது.”

“எனக்கும் ஒண்ணு புரிஞ்சுது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீங்க வந்தாலே, எம் மனசு இதுங்க மாதிரி துள்ளி மேல வந்துடுது. உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்குங்க...”

அவள் தலை குனிந்தாள். பச்சைக் கறை போகாத துப்பட்டாவின் முனையைத் திருகினாள்.

“துவைச்சும் போகலை... நானும் அப்புறம் துவைக்கலை.”

அவன் விரலை மடக்கி விளிம்பில் இருமுறை தட்டினான். வயிறு நிறைந்த குஞ்சுகள் அசையவில்லை.

அவள்தான் அருகில் வந்தாள்.