இருபத்திரண்டு ரேக்குகள்

டைம்பீஸ் அலறியது.

டைப் அடித்துக்கொண்டிருந்த மங்கையர்க்கரசி "அம்மாடி!" என்று நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்தாள். வாசல் பெஞ்சில் கண்ணயர்ந்திருந்த நெசவாளி எழுந்து நின்று வேட்டியை இறுக்கிக்கொண்டார். உமாபதி மட்டும் அசையவில்லை. மணி வைத்தவனே அவன்தான். மூன்று மணிக்குக் கேட்ட டிசைன் அட்டைக் கட்டு, மூன்றே முக்கால் ஆகியும் ரெக்கார்டு அறையிலிருந்து வந்தபாடில்லை.

பொத்தானை அழுத்தினான். மேஜைமேல் மணி நின்றது. உள்ளே, ரெக்கார்டு அறையின் கோடியில், அது இன்னும் இரண்டு மூச்சு நேரம் அடித்துவிட்டு, பிறகு நின்றது.

பழைய கல் கட்டடம். எதிரொலி. இந்த ஊரில் சத்தத்துக்குக்கூட வேலையை நேரத்தில் முடிக்கத் துப்பில்லை என்று நினைத்துக்கொண்டு, நோட்டில் 'நாற்பத்தைந்து நிமிடம்' என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டான்.

பெரிய காஞ்சிபுரத்தில் அந்த நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு அவன் மெட்ராஸிலிருந்து வந்து இரண்டு நாள் ஆகிறது. எழுபத்திரண்டாம் வருஷம், தீபாவளிக்கு மூன்று வாரம். ஊர் முழுக்கத் தறி ஓடிக்கொண்டிருக்க, டிசைன் கிடைக்காமல் பாதிப் பேர் சங்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். சேலைக் கரையில் மயிலும் மாங்காயும் விழுவதற்குத் தறியின் தலையில் மாட்டுகிற, துளை போட்ட அட்டைகள். நூற்றுக்கணக்கில் அவற்றைக் கயிற்றால் வரிசையாகக் கோத்தால் ஒரு கட்டு. அப்படி நாலாயிரம் கட்டுகள் உள்ளே இருந்தன. எந்தக் கட்டு எந்த ரேக்கில், எந்த வரிசையில் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு எழுதி, அகர வரிசையில் ஒரு மரப்பெட்டியில் அடுக்கி வைத்துவிட்டுப் போயிருந்தான் கலியாணசுந்தரம் என்ற முந்தைய குமாஸ்தா. சீட்டைப் பார், நேரே போ, எடு. இரண்டு நிமிஷ வேலை.

ஆனால் ரெக்கார்டு கீப்பர் குமாரசாமி அப்படிச் செய்வதில்லை. சீட்டை எடுப்பார். படிப்பார். தலையாட்டுவார். பெட்டியை மூடுவார். பிறகு முதல் ரேக்கிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக்கொண்டு கடைசி ரேக் வரை போய், திரும்பி வந்து, சந்தேகம் வந்தால் மறுபடி முதலிலிருந்து எண்ணி, அதற்கப்புறம்தான் கேட்ட கட்டை எடுப்பார்.

ஏன்? அதைக் கண்டுபிடிக்கத்தான் மெட்ராஸ் தலைமை ஆபீசிலிருந்து உமாபதியை அனுப்பியிருந்தார்கள். நாளைக் காலை அவன் அறிக்கை மெட்ராஸ் மேஜைக்குப் போகவேண்டும். காரணம் சரியாகச் சொன்னால் சூப்பரின்டென்டென்ட் நாற்காலி அவனுக்கு. காரணம் குமாரசாமிதான் என்றால் குமாரசாமி வேலை போய் வீட்டுக்கு. இரண்டாவதை அவன் பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்துவிட்டான். அத்தாட்சி ஒன்றுதான் பாக்கி.

முதலில் கிழவருக்குப் படிக்கத் தெரியாது என்று நினைத்தான். தெரிந்தது, பேப்பரில் சிறு விளம்பரங்கள் வரை படித்தார். சீட்டுகள் தப்பாக இருக்கும் என்று நினைத்தான். நாற்பது சீட்டுகளை உருவி, குமாரசாமியை விட்டே ஒரே சுற்றில் எடுக்கச் சொல்லிச் சரிபார்த்தான். நாற்பதும் சரி. பெட்டி தூரத்தில் இருப்பதால் சோம்பல் என்று நினைத்து அதை அறை வாசலிலேயே கொண்டுவந்து வைக்கச் சொன்னான். கிழவர் நன்றியோடு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, முதல் ரேக்கிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.

கடைசியில் குமாரசாமி வெளியே வந்தார். தோளில் அட்டைக் கட்டு. பெஞ்சில் இருந்தவர் அதை வாங்கிக்கொண்டு ஓடாத குறையாகப் போனார். குமாரசாமி வாசற்படியோரம் குனிந்து தன் செருப்பைப் போட்டுக்கொண்டார். பக்கத்தில் இன்னொரு ஜோடி செருப்பு கிடந்தது. தூசி படிந்து, வார் வெடித்து.

"ஏன்யா, சீட்டில் என்ன போட்டிருக்கு?"

"பதினேழாவது ரேக்கு, மூணாவது வரிசை சார்."

"கட்டு எங்கே இருந்தது?"

"பதினேழாவது ரேக்கு, மூணாவது வரிசை சார்."

"அப்புறம் எதுக்கய்யா சாமி சுத்துற மாதிரி அறையைச் சுத்தினே?"

குமாரசாமி மங்கையர்க்கரசியைப் பார்த்தார். அவள் டைப்ரைட்டரைப் பார்த்தாள்.

"சீட்டுல தப்பு இல்ல சார். கலியாணசுந்தரம் சார் எழுத்து முத்து முத்தா இருக்குது. எடத்தத்தான் எண்ணிப் பாத்துக்கணும்."

"எத்தனை ரேக் இருக்கு உள்ளே?"

"இருபத்திரெண்டு சார்." கொஞ்சம் நிறுத்தினார். "இன்னிக்கி."

உமாபதி வாய்விட்டுச் சிரித்தான். "இன்னிக்கா! நாளைக்குக் குட்டி போடுமா?"

"ஒரு ஒரு நாளு ஒண்ணு கூட வரும் சார். அன்னிக்கி எதையும் தொடாம திரும்பிடுவேன். சீட்டப் பாத்து நேரா போறவனுக்கு அது தெரியாது சார். வழியில எத்தினியத் தாண்டினோம்னு அவன் பாக்கறதில்லியே." கிழவர் அட்டைத் தூசி படிந்த விரல்களைத் துண்டில் துடைத்தார். "நான் தறியில இருந்தவன். தெருவுல பாவு விரிச்சி இழை எண்ணுவோம். ஒரு இழை கூட வந்தா சேலையே போச்சு. எண்ணும்போது பெத்த தாய் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டோம். இங்கயும் அதான். உள்ளேர்ந்து கூப்பிடும் சார். பேர் சொல்லிக்கூட கூப்பிடும். நான் திரும்பறதில்ல."

"கூப்பிட்டது நான்தான்யா. காலையில் ரெண்டு தடவை. வேணும்னேதான் கத்தினேன்."

"நீங்க ரெண்டு தடவ கூப்ட்டீங்க சார்," என்றார் குமாரசாமி மரியாதையாக. "நான் நாலு தடவ கேட்டேன்."

உமாபதி நோட்டில் 'மூளைக் கோளாறு' என்று எழுதினான். எழுதிய பிறகு திருப்தியில்லை. மெட்ராஸில் இதற்கு டாக்டர் சர்டிபிகேட் கேட்பார்கள்.

"அந்தக் கலியாணசுந்தரம் இப்போ எங்கே?"

"பெங்களூருக்கு ஓடிட்டாருன்னு பேச்சு சார்," என்றாள் மங்கையர்க்கரசி. "நாலு வருஷமாச்சி. தோ, செருப்ப மட்டும் உட்டுட்டுப் போயிட்டாரு." வாசற்படியோரம் கிடந்த தூசிச் செருப்பைக் கண்ணால் காட்டினாள். "உள்ள போறவங்க கழட்டிட்டுத்தான் போவாங்க. தறிக்குழியில செருப்போட எறங்குவாங்களா? அந்த மாதிரி."

வெறுங்காலோடு பெங்களூருக்கு ஓடினானாம். அதை நம்பிக்கொண்டு நாலு வருஷம் ஒரு பிய்ந்த செருப்பைக் காவல் காக்கிறார்களாம். உமாபதிக்கு இந்த ஆட்கள்மேல் கோபம்கூட வரவில்லை. சேற்றில் நெளிகிற எதையோ பார்க்கிற மாதிரி இருந்தது.

நாலேகாலுக்கு வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கரண்ட் போயிற்று. மங்கையர்க்கரசி தபால்களை எடுத்துக்கொண்டு போஸ்டாபீசுக்குக் கிளம்பினாள். குமாரசாமி அரிக்கேனைத் தூக்கினார். "மண்ணெண்ண வாங்கினு, அப்டியே ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன் சார். நான் வர வரைக்கும் உள்ள மட்டும் போவாதீங்க."

"போய்யா," என்றான் உமாபதி.

தனியாக உட்கார்ந்து பெட்டியிலிருந்து சும்மா ஒரு சீட்டை உருவினான். முத்து முத்தான எழுத்து. டிசைன் பெயர் இல்லை. 'ரேக் 23. வரிசை 4.'

இருபத்துமூன்று!

கிழவன் இருபத்திரண்டு என்றானே. ஆக இதுதான் விஷயம். இழை எண்ணியவனாம், பாவு விரித்தவனாம்! ஒரு முழு ரேக்கைக் கணக்கிலேயே சேர்க்காமல் நாலு வருஷமாக எண்ணிக்கொண்டிருக்கிறான். எண்ணவே தெரியாதவன் எண்ணுகிறான். உமாபதிக்கு உடம்பெல்லாம் இனித்தது. அந்த ரேக்கிலிருந்து ஒரு கட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் போட்டால் போதும். அறிக்கை முடிந்தது.

ஐந்து மணிக்கு டைம்பீஸில் அலாரம் வைத்தான். இரண்டு நிமிஷத்தில் திரும்பி வந்து, அது அடிக்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். இந்த ஆட்களை நம்பி வைத்துவிட்டுப் போக முடியாது என்று தோல்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். டார்ச்சை எடுத்தான். சீட்டைப் பிடித்திருந்த கட்டைவிரலில் மை ஒட்டியிருந்தது. வியர்வை, வேறென்ன. வாசற்படியில் அந்தப் பழைய செருப்பை ஷூ முனையால் ஓரமாகத் தள்ளிவிட்டு, ஷூவோடு உள்ளே நடந்தான்.

நீளமான அறை. ஜன்னல்களைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். தகரத்து ஆணி ஓட்டைகள் வழியே ஊசி ஊசியாக வெளிச்சம் இறங்கி, ஒன்றன்பின் ஒன்றாக நின்ற ரேக்குகளின்மேல் புள்ளி வைத்திருந்தது. பழைய அட்டையும் எலிப்புழுக்கையும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை மூக்கில் ஏற, இடது பக்கச் சுவரோரமாக இருந்த ஆள் போகும் வழியில் அவன் ஷூ சத்தம் அவனுக்கு முன்னால் போய்க் காத்திருந்து, அவன் வந்து சேர்ந்ததும் மறுபடி முன்னால் போவது போல இருந்தது. ரேக்குகளின் பக்கவாட்டில் வெள்ளைப் பெயிண்டில் எண்கள். ஆறு. பதினொன்று. பதினேழு. எண்ணவில்லை அவன். எதற்கு எண்ணவேண்டும்? எழுதியிருக்கிறதே.

இருபத்தொன்று. இருபத்திரண்டு.

இருபத்துமூன்று.

பெயிண்ட் பளிச்சென்று இருந்தது.

இங்கே அட்டை வாசனை இல்லை. பாவுக்குப் போடுகிற கஞ்சி புளித்த மாதிரி ஒரு வாசனை. அதற்கு அடியில் ஈரத் தலைமுடி வாசனை. அந்த ரேக்குக்குப் பின்னால் எங்கோ, சீராக, அவசரமில்லாமல், அட்டையில் துளை போடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. டக். டக். டக். பக்கத்து வீட்டில் யாரோ, என்று நினைத்தான். கல் சுவருக்கு அந்தப் பக்கம் வீடு கிடையாது; தோட்டக் கிணறுதான் என்று காலையில் பார்த்திருந்தான்.

நாலாவது வரிசை. ஒரே ஒரு கட்டு. பக்கத்தில் இன்னொரு கட்டு வைக்கிற அளவுக்கு இடம். அந்த இடத்தில் மட்டும் தூசி இல்லை. துடைத்து வைத்திருந்தது.

கட்டை எடுத்தான்.

மெத்தென்று இருந்தது.

சூடாக இருந்தது.

அட்டை இவ்வளவு வளையாது. டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனான். வரிசை வரிசையாகத் துளைகள், ஓரம் கிழியாமல், நேர்த்தியாக. கோத்திருந்தது கயிறு அல்ல, முடி. பாதி நரைத்த முடி. மேலாக இருந்த துண்டில் துளைகளுக்கு நடுவே இரண்டு வட்டத் தழும்புகள். சின்ன வயதில் அம்மை வராமலிருக்க எல்லோருக்கும் மேல்கையில் போடுவார்களே, அம்மைப்பால். அந்தத் தழும்பு.

லேபிளில் முத்து முத்தான எழுத்து. கலியாணசுந்தரம்.

டக் என்ற சத்தம் நின்றது.

கட்டு கையிலிருந்து விழுந்தது. விழுந்த சத்தமே வரவில்லை. உமாபதி திரும்பி ஓடினான். வந்த வழி. இடது சுவர். ரேக்கின் பக்கவாட்டில் எண். இருபத்துமூன்று. அடுத்தது. இருபத்துமூன்று. அடுத்தது. அவன் நின்றான். எத்தனையைத் தாண்டினோம்? மூன்றா? ஐந்தா? எண்ணியிருந்தால் தெரியும். ஒன்று, என்று ஆரம்பித்தான். இரண்டு. பின்னால் துளை போடும் சத்தம் மறுபடி. கொஞ்சம் கிட்டத்தில். எண்ணிக்கை தவறியது. ஒன்று.

தூரத்தில் டைம்பீஸ் அலறியது.

"குமாரசாமி!"

மணியை யாரோ நிறுத்தினார்கள். வெளிச்சம் ஒன்று, மஞ்சளாக, ஆடி ஆடி வந்தது. அரிக்கேன். கிழவரின் குரல். "ஒண்ணு... ரெண்டு... மூணு..." ஒவ்வொரு ரேக்கிலும் கை படுகிற சத்தம்.

"குமாரசாமி! நான்தான்யா! உமாபதி! மெட்ராஸ் உமாபதி!"

"பதினாலு... பதினஞ்சி..."

"ஐயா! இங்கே இருக்கேன்! திரும்புங்க ஐயா!"

"இருபது... இருபத்தொண்ணு..."

வெளிச்சம் கை எட்டும் தூரத்தில் நின்றது. குமாரசாமியின் முகம் தெரிந்தது. நெற்றி வேர்த்திருந்தது. கண் நேரே அவனைப் பார்த்தது. அவன் இருந்த இடத்தில் ஒரு கல் சுவரைப் பார்ப்பது போல. உமாபதி கையை நீட்டினான். விரல்கள் கல்லில் முட்டின. ஈரக் கல்.

"இருபத்திரெண்டு," என்றார் குமாரசாமி, மூச்சை விட்டு. திரும்பினார். வெளிச்சம் போயிற்று.

உமாபதிக்குப் பின்னால், தரையில், வெறுங்கால்கள் நடந்து வந்தன. அவசரமில்லை. இருட்டில் யாரோ அவன் மேல்கையை மெதுவாகப் பிடித்து, சட்டைக் கையைச் சுருட்டி, தழும்பு இருக்கிற இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்கள்.

வெகு தூரத்தில், ஆனால் காதோரம் பேசுவது போல, மங்கையர்க்கரசியின் குரல் கேட்டது.

"மெட்ராஸ் சார் உள்ள இருக்காரா பாத்தீங்களா?"

"வாசல்ல கலியாணசுந்தரம் சார் செருப்பு மட்டுந்தாம்மா கெடக்குது, அவரு பையக்கூடக் காணோம், போயிட்டாரு போல, எண்ணிட்டேன், சரியா இருபத்திரெண்டு, பூட்டிடலாம்."