மூன்றாம் ஆளின் பழக்கம்

நாகஜோதி பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போதே அடுக்களை விளக்கு அணைந்தது. ஈரக் கையோடு சுவரில் இருந்த கண்ணாடி சுவிட்ச் போர்டைத் தொட்டாள், எரிந்தது. கையைத் துடைப்பதற்குள் மறுபடி அணைந்தது.

வேறொருத்தியாக இருந்தால் கரண்டுக்காரர்களைத் திட்டிவிட்டுப் போயிருப்பாள். இவளால் முடியாது, அந்தப் போர்டை வடிவமைத்ததே இவள்தான். ராஜபாளையத்தில் ஒரு சின்ன கம்பெனியில் அவளுக்கு அதுதான் வேலை. வீட்டு ஆட்களின் பழக்கத்தைப் போர்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்ளும். பிறகு அவர்கள் வந்து தொடுவதற்கு முன்பே விளக்கு, ஃபேன், ஹீட்டர் எல்லாவற்றையும் அவர்களுக்குப் பிடித்த மாதிரி போட்டு வைக்கும், அணைத்து வைக்கும். தொடுவது யார் என்பதை விரல் படும் அகலத்திலும் அழுத்தத்திலும் பிரித்துவிடும். விற்பனைக்கு விடும் முன் சோதித்துப் பார்க்க, ஸ்ரீவில்லிபுத்தூரில் தான் குடியிருந்த வாடகை வீட்டிலேயே அதை மாட்டியிருந்தாள். வீட்டில் இரண்டே பேர். போர்டின் கணக்கில் அவள் ஒன்று, கணவன் ராம்கி இரண்டு.

போனில் ஆப்பைத் திறந்து, அடுக்களையை அணைப்பது யாருடைய பழக்கம் என்று பார்த்தாள்.

மூன்று.

அன்று ராம்கி மில்லிலிருந்து வருவதற்குள் அவள் வீட்டை ஒருமுறை சலித்துவிட்டாள். தலையணையை முகர்ந்தாள், சீப்பில் தன்னுடையதல்லாத முடி இருக்கிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், பீரோவுக்குப் பின்னால் குனிந்து கைவிட்டுத் துழாவினாள். வேற்று வாடை என்று ஒன்றும் இல்லை. பின்கட்டு அறையில் மட்டும், நெடுநாள் பூட்டிக் கிடந்த பெட்டியைத் திறந்ததுபோல ஒரு புழுங்கல் நாற்றம்.

சாப்பிடும்போது கேட்டாள். "நீங்க ஷிப்ட் முடிஞ்சு தனியா இருக்கையில, வீட்டுக்கு யாரும் வாராவளா?"

"யாரு வருவா? தண்ணி கேன் போடுதவருகூட வாசலோட போயிருதாரு."

"உள்ள வந்து சுவிட்சைத் தொட்டிருக்காவ."

ராம்கி சோறு பிசைந்த கையை நிறுத்தினான். "என்னைய சந்தேகப்படுதியா?"

அவன் தட்டில் கை கழுவிவிட்டு எழுந்தான்.

மறுநாள் கம்பெனியில் ஹாரிஸிடம் யார் எப்போது தொட்டார்கள் என்ற போர்டின் பதிவுகளைக் கொடுத்தாள். போர்டுக்கு மென்பொருள் எழுதியவன் அவன்தான். சாயங்காலம் அவள் மேசைக்கு வந்து நின்றபோது அவன் முகத்தில் வழக்கமான கேலி இல்லை.

"ஒரே விரலை ரெண்டு பேருன்னு எடுத்திருக்குமோ?" என்று அவளே கேட்டாள்.

"இல்லக்கா. அகலம் அதிகம், அழுத்தமே இல்ல. இன்னொண்ணும் இருக்கு. இந்த ஆளு ஒருக்காகூட லைட்டைப் போட்டதே கிடையாது. அணைக்க மட்டுந்தான் தொடுதாவ." அவன் குரலைத் தாழ்த்தினான். "அதுவும் நீங்க வீட்டுல இருக்கும்போது மட்டும். அண்ணன் தனியா இருந்தப்ப ஒரு தடவகூட இல்ல."

நாகஜோதிக்கு முதலில் வந்தது வெட்கம். பயம் பிறகுதான் வந்தது.

பஸ் ஸ்டாண்டிலிருந்து ராம்கிக்குப் போன் போட்டாள். "தப்பா நெனச்சுட்டேன். மனசுல வச்சுக்கிடாதீங்க. நான் போய் போர்டைக் கழட்டிப்போடுதேன்."

"சரி, விடு. நானும் கிளம்பிட்டேன், வாரேன்," என்றான். அவன் குரல் இளகியிருந்தது.

பொழுது சாய்வதற்கு முன்பே மலைப்பக்கம் இருண்டு மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்குள் நுழைந்ததும் எல்லா விளக்கையும் போட்டாள். ஸ்க்ரூ டிரைவரைத் தேடி எடுத்துக்கொண்டு கூடத்துப் போர்டின் முன்னால் நின்றாள். தகரக் கூரையில் மழை கொட்டும் சத்தம், ஃபேன் சுற்றும் சத்தம், அவற்றுக்கு அடியில் சுவரோடு எதையோ மெதுவாக உரசிக்கொண்டு வருவதுபோல மூன்றாவதாக ஒரு சத்தம். முதல் திருகாணி இளகும்போது பின்கட்டு அறை விளக்கு அணைந்தது.

போனில் பார்த்தாள், யாரும் தொட்டு அணையவில்லை. போர்டு தானாகவே அணைத்திருந்தது. ஆள் வந்து சேருவதற்கு முன்பே அந்த ஆளுக்குப் பிடித்தபடி அறையைத் தயார் செய்து வைக்க அதற்குக் கற்றுக்கொடுத்தவள் அவள்.

அந்த ஆளுக்குப் பிடித்தது இருட்டு.

அடுக்களை அணைந்தது. நடை அணைந்தது. புழுங்கல் நாற்றம் வந்தது. தலைக்கு மேலே ஃபேன் வேகம் குறைந்தது. நின்றது.

கூடம்.

ஸ்க்ரூ டிரைவரைப் போட்டுவிட்டு ஓடினாள்.

தெருவில் நனைந்துகொண்டு நின்றவளைப் பார்த்து ராம்கி பைக்கை நிறுத்தினான். "ஏட்டி, மழையில ஏன் நிக்கே?"

அவள் திக்கித் திணறிச் சொல்லி முடித்தாள். அவன் சிரித்தான். சண்டை தீர்ந்த நிம்மதிச் சிரிப்பு. "வயருல தண்ணி எறங்கியிருக்கும். மெயினை அணைச்சிட்டு வாரேன்."

"வேண்டாங்க. உள்ள போகாதீங்க."

சட்டையைப் பற்றியிருந்த அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு அவன் உள்ளே போனான். இருட்டு அவனை வாங்கிக்கொண்டது. செருப்புச் சத்தம் கூடம் தாண்டி, நடை தாண்டிப் போனது. பிறகு கேட்கவில்லை.

கூப்பிட்டாள். மழைதான் பெய்துகொண்டிருந்தது.

வீட்டின் கடைசியில் ஒரு விளக்கு எரிந்தது. பின்கட்டு அறை. அடுத்து அடுக்களை. நடை. கூடம்.

"ஒண்ணும் இல்ல, நாகு. உள்ள வா." ராம்கியின் குரலேதான்.

அவள் கால் வாசற்படியை நோக்கி நகர்ந்தது. கையில் போன் அதிர்ந்தது. திரையில் மழைநீரைத் துடைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு விளக்கையும் தொட்டுப் போட்டது யார் என்று ஆப் வரிசையாகக் காட்டியது.

மூன்று. மூன்று. மூன்று. மூன்று.

நிமிர்ந்தாள். ராம்கி வாசலுக்கு வந்திருந்தான். வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் இருந்ததால் முகம் தெரியவில்லை. ஒரு கை அவளை வா வா என்று அழைத்தது. மற்றக் கையின் விரல், பார்க்காமலே, பக்கச் சுவரில் இருந்த கண்ணாடிப் போர்டின் மேல் படிந்து, எடுக்கப்படாமல் அப்படியே இருந்தது.